பெலே ஆடிய அமெரிக்க லீக் என்ன ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023-இல் மெஸ்ஸி மயாமிக்குப் போனதும், அமெரிக்காவில் கால்பந்து அப்போதுதான் பிறந்தது போலப் பலர் பேசினார்கள். அதற்குக் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் முன்பே பெலே அங்கே ஆடியிருக்கிறார். பெக்கன்பவர், க்ரைஃப், கெர்ட் முல்லர், ஜார்ஜ் பெஸ்ட் எல்லாரும் ஆடியிருக்கிறார்கள். அவர்கள் ஆடிய லீக்தான் இப்போது இல்லை. அதைப் பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

அந்த லீக்கின் பெயர் என்ன? இப்போதுள்ள எம்.எல்.எஸ். (மேஜர் லீக் சாக்கர்) தானே அது?

இல்லை, இரண்டும் வேறு வேறு. இது வட அமெரிக்க சாக்கர் லீக், சுருக்கமாக என்.ஏ.எஸ்.எல். 1968 முதல் 1984 வரை 17 சீசன் நடந்தது. எம்.எல்.எஸ். 1996-இல்தான் தொடங்கியது. நடுவில் இருந்த பதினோரு வருடம் அமெரிக்காவில் முதல் தரத் தேசிய லீக் என்று சொல்லிக்கொள்ள திறந்தவெளிக் கால்பந்தில் எதுவும் இல்லை. கனடாவின் டொராண்டோ, வான்கூவர் போன்ற ஊர்களும் ஆடியதால்தான் பெயரில் "வட அமெரிக்கா".

அதை யார் ஆரம்பித்தார்கள்?

பணக்காரர்கள். 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை அமெரிக்க டிவியில் காட்டினார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். பேஸ்பால் அணியும் அமெரிக்கன் ஃபுட்பால் அணியும் வைத்திருந்த முதலாளிகளுக்கு உடனே ஆசை வந்துவிட்டது. வந்ததும் ஒரே கூட்டமாக வராமல் இரண்டு கோஷ்டியாக வந்தார்கள். 1967-இல் ஒரே நேரத்தில் இரண்டு லீக் நடந்தது.

ஒன்றுக்கு ஃபிஃபாவின் அங்கீகாரம் இருந்தது, ஆனால் வீரர்கள் இல்லை. அதனால் வெளிநாட்டு கிளப்களை முழுசாகவே வாடகைக்கு இறக்கி, வேறு பெயர் சூட்டி ஆட விட்டார்கள். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் "லாஸ் ஏஞ்சலஸ் வுல்வ்ஸ்" ஆனது. ஸ்டோக் சிட்டி "கிளீவ்லாண்ட் ஸ்டோக்கர்ஸ்" ஆனது. இத்தாலியின் காலியாரி சிகாகோ அணியாக ஆடியது.

இன்னொரு லீக்குக்கு அங்கீகாரம் இல்லை, ஆனால் சி.பி.எஸ். டிவி ஒப்பந்தம் இருந்தது. கால்பந்தில் விளம்பரத்துக்கு இடைவெளி எங்கே இருக்கிறது? ஒரு நடுவர், தான் ஊதிய ஃபவுல்களில் சில விளம்பரம் போடுவதற்காகவே ஊதியவை என்று பிறகு ஒப்புக்கொண்டார். விளையாட்டை டிவிக்கு ஏற்ப வளைக்கும் பழக்கம் அந்த ஊரில் அப்போதே தொடங்கிவிட்டது.

இரண்டு லீக்குக்கும் நஷ்டம். 1967 டிசம்பரில் இணைந்தன. அப்படிப் பிறந்ததுதான் என்.ஏ.எஸ்.எல்.

முதல் வருடமே மூடப் பார்த்ததாமே?

கிட்டத்தட்ட. 1968-இல் 17 அணிகள். 1969-இல் ஐந்து. எழுத்துப் பிழை இல்லை, ஐந்தேதான்: அட்லாண்டா, பால்டிமோர், டல்லாஸ், கான்சஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ்.

லீக் அப்போதே சாகாததற்கு முக்கியக் காரணம் இரண்டு பேர். ஒருவர் ஃபில் வூஸ்னம், வேல்ஸ் நாட்டுக்கு ஆடியவர். 1968-இல் அட்லாண்டா அணிக்குப் பயிற்சியாளராக இருந்து கோப்பை வாங்கிக் கொடுத்தார். அந்த வருடம் சுற்றுப்பயணம் வந்த மான்செஸ்டர் சிட்டி அப்போதைய இங்கிலாந்து சாம்பியன். அவர்களை அட்லாண்டா ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை தோற்கடித்தது. பிறகு வூஸ்னம் லீக்கின் கமிஷனர், அதாவது தலைமை நிர்வாகி ஆனார். இன்னொருவர் டல்லாஸ் அணியின் முதலாளி லமார் ஹன்ட், எண்ணெய்ப் பணக்காரக் குடும்பம். நஷ்டத்தைத் தாங்கும் பொறுமையும் அதற்கான பணமும் அவரிடம் இருந்தன.

நியூயார்க் காஸ்மாஸ் எங்கிருந்து வந்தது?

1971-இல் சேர்ந்தது. "காஸ்மாபாலிடன்ஸ்" என்பதன் சுருக்கம் காஸ்மாஸ். அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் இசை நிறுவனத்தை நடத்திய துருக்கியச் சகோதரர்கள் அகமது எர்டெகன், நெசுகி எர்டெகன் ஆகியோருக்குக் கால்பந்து என்றால் உயிர். அவர்கள் மூலமாக வார்னர் கம்யூனிகேஷன்ஸ் தலைவர் ஸ்டீவ் ராஸ் உள்ளே வந்தார். வார்னர் என்றால் சினிமா, இசை, பிற்காலத்தில் அட்டாரி வீடியோ கேம் எல்லாம் சேர்ந்த பெரிய கம்பெனி. ஆரம்பத்தில் காஸ்மாஸ் ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பேர் வந்தால் பெரிய விஷயம். பொது மேலாளர் கிளைவ் டாய், பழைய இங்கிலாந்துப் பத்திரிகையாளர். பெலேயைக் கொண்டுவந்தே தீருவேன் என்று வருடக்கணக்கில் பின்னாலேயே அலைந்தார்.

பெலே ஏன் ஒப்புக்கொண்டார்?

பணம் ஒரு காரணம். தன் பிரேசில் கிளப் சான்டோஸை விட்டு 1974-இல் ஓய்வு பெற்ற பெலேவுக்குத் தொழிலில் கடன் இருந்தது. வார்னர் கொடுத்தது அப்போது எந்த விளையாட்டு வீரரும் கேள்விப்படாத தொகை. ஆனால் ஐரோப்பாவின் பெரிய கிளப்களும் பணம் தரத் தயாராகத்தான் இருந்தன. "அங்கே போனால் ஒரு கோப்பை ஜெயிப்பாய், இங்கே வந்தால் ஒரு நாட்டையே ஜெயிப்பாய்" என்பதுதான் டாய் போட்ட தூண்டில். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கர் கால்பந்துப் பைத்தியம். பிரேசில் அரசு தன் தேசியச் சொத்தை விட்டுக்கொடுக்கும்படி அவரும் பேசிப் பார்த்தார்.

1975 ஜூன் 10-ஆம் தேதி கையெழுத்து. ஐந்தே நாளில், ஜூன் 15 அன்று முதல் ஆட்டம்.

மைதானத்துக்குப் பச்சை பெயிண்ட் அடித்த கதை உண்மையா?

உண்மை. ராண்டல்ஸ் தீவில் இருந்த டவுனிங் ஸ்டேடியம் சரியான பராமரிப்பு இல்லாத பழைய மைதானம். புல்லைவிட மண்தான் அதிகம். அன்றைய ஆட்டத்தை சி.பி.எஸ். நேரடியாக ஒளிபரப்புகிறது, பல நாடுகளில் பார்க்கப் போகிறார்கள். என்ன செய்வது? மண்ணுக்கே பச்சைச் சாயம் தெளித்துவிட்டார்கள். டிவியில் புல்வெளி மாதிரிதான் தெரிந்தது. டல்லாஸுடன் 2-2 டிரா, பெலே தலையால் முட்டி ஒரு கோல் போட்டார்.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் ஷூவைக் கழற்றினால் கால் பச்சை. ஏதோ பூஞ்சை ஒட்டிக்கொண்டது என்று பெலே பயந்து, இதுதான் என் முதலும் கடைசியுமான ஆட்டம் என்றாராம். அது சாயம்தான் என்று புரியவைக்க வேண்டியதாயிற்று. காஸ்மாஸில் வேலை பார்த்தவர்கள் பல வருடம் சொல்லிச் சிரித்த கதை இது. இந்த லீக்கைப் பற்றி ஒரே ஒரு காட்சி சொல்லச் சொன்னால் நான் சொல்வது அந்தப் பச்சைக் கால்களைத்தான்.

பெலேவைத் தவிர வேறு யார் யார் ஆடினார்கள்?

பட்டியல் நீளம். பெக்கன்பவரும் கார்லோஸ் ஆல்பெர்டோவும் 1977-இல் காஸ்மாஸுக்கு வந்தார்கள். 1976-இல் டொராண்டோவுடன் கோப்பை ஜெயித்தார் போர்ச்சுகலின் யூசேபியோ. க்ரைஃப் 1979-இல் லாஸ் ஏஞ்சலஸ், 1980-இல் வாஷிங்டன். கோர்டன் பேங்க்ஸ், இங்கிலாந்தின் உலகக் கோப்பை கோல்கீப்பர், கார் விபத்தில் ஒரு கண் பார்வை போன பிறகு ஃபோர்ட் லாடர்டேலுக்குக் கோல்கீப்பராக நின்றார். ஒரு கண்ணோடு.

எல்லாருமே ஓய்வு வயதுக்காரர்கள் என்பது தவறு. மெக்சிகோவின் ஹ்யூகோ சாஞ்சஸ் ரியல் மாட்ரிட்டுக்குப் போகும் முன் சான் டியாகோவில் ஆடியிருக்கிறார். பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடிய பீட்டர் பியர்ட்ஸ்லி வான்கூவரில் ஆடியபோது சின்னப் பையன்.

நட்சத்திரங்களுக்கு நடுவில் அதிகம் பேசப்படாத பெயர் காஸ்மாஸின் ஜார்ஜியோ கினாலியா. இத்தாலியில் பிறந்து வேல்ஸில் வளர்ந்தவர், 1974-இல் லாட்ஸியோவுக்கு இத்தாலியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். வழக்கமான சீசன் ஆட்டங்களில் மட்டும் 193 கோல் அடித்தார், லீக் வரலாற்றில் அதுவே அதிகம். வாய் ஜாஸ்தி, ரசிகர்களே அவரைக் கிண்டல் செய்தார்கள். ஆனால் பெனால்டி பெட்டிக்குள் பந்து கிடைத்தால் தவறவே மாட்டார்.

விதிகளையே மாற்றினார்களாமே?

ஆமாம், ஐரோப்பியர்கள் தலையில் அடித்துக்கொண்ட விஷயம் இது. எனக்கென்னவோ பாதி யோசனைகள் மோசமில்லை என்றே படுகிறது.

முதலில் ஆஃப்சைடு, அதாவது பந்து வரும்போது எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் போய் நிற்கக்கூடாது என்ற விதி. வழக்கமாக நடுக்கோட்டைத் தாண்டினாலே ஆஃப்சைடு எல்லை தொடங்கிவிடும். இவர்கள் கோல் கோட்டிலிருந்து 35 கஜத்தில் தனியாக ஒரு கோடு போட்டார்கள். அதைத் தாண்டினால்தான் ஆஃப்சைடு. தடுப்பாட்டக்காரர்கள் முன்னேறி நெருக்க முடியாததால் நடுக்களம் விரிந்து கிடந்தது. ஃபிஃபா பல வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அந்தக் கோட்டை அழிக்க வைத்தது.

அடுத்து புள்ளிகள். ஜெயித்தால் 6. கோலுக்கு ஒன்று வீதம் போனஸ், ஓர் அணிக்கு அதிகபட்சம் 3. அதாவது 4-3 என்று தோற்றவனும் 3 புள்ளியோடு வீட்டுக்குப் போவான். 0-0 என்று இழுக்கிறவனுக்கு இந்த ஊரில் வேலையில்லை என்பது கணக்கு.

பிறகு அந்தப் புகழ்பெற்ற ஷூட்-அவுட். டிரா என்பதே அமெரிக்க ரசிகனுக்குப் புரியாது என்று நினைத்தார்கள். 1977 முதல், கூடுதல் நேரத்திலும் முடிவு வராவிட்டால், பெனால்டி கிடையாது. 35 கஜக் கோட்டில் வீரர் பந்தோடு நிற்பார். விசில் ஊதினால் ஐந்து நொடி. அதற்குள் பந்தை ஓட்டிக்கொண்டு போய் அடித்தாக வேண்டும். கோல்கீப்பர் கோட்டிலேயே நிற்க வேண்டியதில்லை, எதிரே பாய்ந்து வரலாம். பழைய வீடியோக்களை யூடியூபில் பாருங்கள். ஓடி வருகிறவருக்கு முதல் இரண்டு நொடி தாராளமாக இருக்கும். மூன்றாவது நொடியில் கோல்கீப்பர் பெரிய உருவமாக முன்னால் வந்து நிற்பார். சுற்றிப் போவதா, தலைக்கு மேல் தூக்கிப் போடுவதா என்று கால் தடுமாறும்போது நேரம் முடிந்திருக்கும். பெனால்டியில் இருக்கும் சூதாட்டத்தைவிட இதில் கால்பந்து அதிகம் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. நானும் ஒருவன். எம்.எல்.எஸ். முதல் நான்கு சீசன்களில் இதையே வைத்திருந்துவிட்டுக் கைவிட்டது.

உச்சம் எந்த வருடம்?

1977. சந்தேகமே வேண்டாம்.

காஸ்மாஸ் அந்த வருடம் நியூஜெர்சியின் ஜயண்ட்ஸ் ஸ்டேடியத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆகஸ்ட் 14 அன்று ஃபோர்ட் லாடர்டேலுடன் பிளேஆஃப் ஆட்டம். வந்த கூட்டம் 77,691. காஸ்மாஸ் 8-3 என்று ஜெயித்தது. சில வருடம் முன்பு காலி இருக்கைகளைப் பார்த்து ஆடிய அணி இது.

இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 28, போர்ட்லாண்டில் இறுதி ஆட்டம். எதிரணி சியாட்டில் சவுண்டர்ஸ். சியாட்டில் கோல்கீப்பர் டோனி சர்ஸ்கி பந்தைப் பிடித்தார். அருகில் யாரும் இல்லை என்று நினைத்து, பந்தைத் தரையில் உருட்டிவிட்டு நிதானமாக உதைக்கப் போனார். அவர் கண்ணில் படாமல் நின்ற 21 வயது ஸ்டீவ் ஹன்ட் ஓடிவந்து பந்தைத் தட்டிப் பறித்து வலைக்குள் தள்ளினார். சியாட்டில் சமன் செய்தது, கினாலியா தலையால் முட்டி 2-1 ஆக்கினார். பெலேவின் கடைசி அதிகாரபூர்வ ஆட்டம் கோப்பையோடு முடிந்தது. அதற்கு உதவியவர் ஆஸ்டன் வில்லாவிலிருந்து வந்த, பெயர் தெரியாத பையன்.

அக்டோபர் 1 அன்று வழியனுப்பு ஆட்டம், கொட்டும் மழையில். எதிரணி சான்டோஸ். முதல் பாதி காஸ்மாஸுக்கு ஆடி ஃப்ரீகிக்கில் கோல் போட்டார், இரண்டாம் பாதி சான்டோஸ் சட்டையில் ஆடினார்.

அந்தக் காஸ்மாஸ் இந்தியாவுக்கு வந்ததா?

வந்தது. அந்த வழியனுப்பு ஆட்டத்துக்கு ஒரே வாரம் முன்பு, 1977 செப்டம்பர் 24 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானோடு ஆடியது. பகானுக்கு பி.கே. பானர்ஜி பயிற்சியாளர். மழையில் நனைந்த கிரிக்கெட் மைதானம், பெலேவுக்குக் காயம் வந்துவிடக்கூடாதே என்று காஸ்மாஸ் தரப்புக்குக் கவலை. ஆனாலும் ஆடினார். ஷ்யாம் தாபாவும் முகமது ஹபீபும் பகானுக்கு கோல் போட, ஆட்டம் 2-2. காஸ்மாஸுக்குக் கிடைத்த பெனால்டி சரியானதா என்று வங்காளிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

பெலே போனதால்தானே லீக் படுத்தது?

எல்லாரும் சொல்வது அதுதான். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பெலே இல்லாத 1978-இல் காஸ்மாஸ் ஆட்டங்களுக்கு வந்த சராசரிக் கூட்டம் 47,000-க்கும் மேல். பெலே ஆடிய வருடத்தைவிட அதிகம். லீக் அவருக்குப் பிறகு ஏழு சீசன் நடந்தது. 1979-இல் வான்கூவர் கோப்பை ஜெயித்தபோது அந்த நகரத்தில் திருவிழா.

அப்புறம் எதனால்?

அவசரத்தால். 1977-இல் 18 ஆக இருந்த அணிகள் 1978-இல் 24 ஆயின. காஸ்மாஸ் கூட்டத்தைப் பார்த்து மயங்கிப் புது முதலாளிகள் வரிசையில் நின்றார்கள். புது அணி சேர்ந்தால் நுழைவுக் கட்டணம் வரும், அது பழைய முதலாளிகளுக்குப் பங்காகும். அந்தப் பணம் இனித்தது. வருகிறவருக்குக் கால்பந்து தெரியுமா, நாலு வருட நஷ்டத்தைத் தாங்குவாரா என்று யாரும் கேட்கவில்லை.

விளைவு கோமாளித்தனம். கொலராடோ அணி 1978-இல் மார்பில் தோல் குஞ்சம் தொங்கும் கௌபாய் சட்டையில் இறங்கியது. ஒரே வருடத்தில் அட்லாண்டாவுக்கு ஊர் மாறியது. இன்னொரு அணி சான் அன்டோனியோவில் இருந்து ஹவாய்க்குப் போய், அடுத்த வருடமே டல்சாவுக்குப் போனது. மூன்று வருடத்தில் மூன்று ஊர்! ரசிகன் யாரென்று கொடி பிடிப்பான்?

வேடிக்கை இதோடு நின்றிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். பெரிய தவறு, எல்லாரும் காஸ்மாஸ் ஆகப் பார்த்தது. வார்னருக்கு நட்சத்திரம் வாங்குவது விளம்பரச் செலவு மாதிரி. மற்றவர்களுக்கு அது சொந்தக் காசு. வாஷிங்டன் அணியை மாடிசன் ஸ்கொயர் கார்டன் நிறுவனம் நடத்தியது. 1980-இல் க்ரைஃபைக் கொண்டுவந்தார்கள், கூட்டமும் கூடியது, ஆனால் செலவுக்குப் பக்கத்தில்கூட வரவு வரவில்லை. சீசன் முடிந்ததும் நிறுவனம் கையைக் கழுவியது. லீக்கின் சராசரிக் கூட்டம் அதன் சிறந்த வருடங்களிலேயே 14,000 அளவில்தான். அதைக் கொண்டு க்ரைஃப் சம்பளம் கொடுக்க முடியாது.

டிவிதான் காப்பாற்றும் என்று நம்பினார்கள். 1979-இல் ஏ.பி.சி. ஒப்பந்தம் கிடைத்தது. பார்த்தவர்கள் குறைவு. 1980 சீசனுக்குப் பிறகு ஏ.பி.சி. விலகிக்கொண்டது. அதோடு உள்ளரங்குக் கால்பந்து லீக் ஒன்று 1978-இல் முளைத்து, வீரர்களையும் ரசிகர்களையும் பங்கு போட்டது. பிறகு எண்களைப் பாருங்கள்: 1980-இல் 24 அணி, 1981-இல் 21, 1982-இல் 14, 1983-இல் 12, 1984-இல் 9.

வரவுக்கு ஏற்பச் செலவு செய்திருந்தால் டாம்பா, சியாட்டில், வான்கூவர், போர்ட்லாண்ட் போன்ற நல்ல கூட்டம் வந்த ஊர்களை வைத்து ஒரு சின்ன லீக் பிழைத்திருக்கும். இது என் எண்ணம்.

உள்ளூர் வீரர்களை வளர்க்கவில்லையா?

மனசில்லாமல் வளர்த்தார்கள். ஆடும் பதினொரு பேரில் இத்தனை வட அமெரிக்கர்கள் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது, ஆரம்பத்தில் இரண்டு பேர், பிறகு மெல்லக் கூடியது. பல பயிற்சியாளர்கள் அந்த இடங்களை எங்கே வைத்தால் சேதம் குறைவோ அங்கே நிரப்பினார்கள். 1983-இல் அமெரிக்கத் தேசிய அணியையே "டீம் அமெரிக்கா" என்று லீக்கில் ஓர் அணியாக ஆட விட்டார்கள். தன் பிரிவில் கடைசி. ஒரு வருடத்தோடு மூட்டை கட்டியது.

1986 உலகக் கோப்பை கிடைத்திருந்தால்?

கொலம்பியா நடத்த முடியாது என்று கைவிரித்ததும் அமெரிக்கா கேட்டது. கிஸ்ஸிங்கரே போய்ப் பேசினார். 1983 மே மாதம் ஃபிஃபா மெக்சிகோவுக்குக் கொடுத்துவிட்டது. இன்னும் மூன்று வருடம் நஷ்டத்தைத் தாங்க முதலாளிகளிடம் இருந்த கடைசிச் சாக்கு அதோடு போயிற்று.

கடைசி நாட்கள் எப்படி இருந்தன?

அட்டாரி சரிந்து வார்னருக்கே மூச்சு முட்டியது. காஸ்மாஸைக் கைமாற்றிவிட்டார்கள், வாங்கியவர் கினாலியா. 1984 அக்டோபர் 3 அன்று டொராண்டோவில் சிகாகோ ஸ்டிங் 3-2 என்று ஜெயித்து கோப்பையை எடுத்தது. லீக்கின் கடைசி ஆட்டம் அதுதான். அடுத்த சீசனுக்கான உத்தரவாதத் தொகையைக் காஸ்மாஸால் கட்ட முடியவில்லை. 77,691 பேரைக் கூட்டிய அணி அது. 1985 மார்ச் 28 அன்று லீக் நிறுத்தப்பட்டபோது, ஆடத் தயாராக இருந்தவை இரண்டு அணிகள்: டொராண்டோ, மின்னசோட்டா. இரண்டு பேரை வைத்துக்கொண்டு எப்படி லீக் நடத்துவது?

அதிகத் தடவை கோப்பை ஜெயித்தது யார்?

காஸ்மாஸ், ஐந்து முறை: 1972, 1977, 1978, 1980, 1982. சிகாகோ இரண்டு முறை.

2011-இலும் என்.ஏ.எஸ்.எல். என்று ஒன்று நடந்ததே?

பெயர் மட்டும்தான் அது. எம்.எல்.எஸ்-க்கு அடுத்த நிலையில் 2017 வரை நடந்தது. காஸ்மாஸ் என்ற பெயரையும் உயிர்ப்பித்து அதில் ஆட விட்டார்கள். அதற்கும் பழைய லீக்குக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

இன்று என்ன மிச்சம்?

பெயர்கள். சியாட்டில் சவுண்டர்ஸ், போர்ட்லாண்ட் டிம்பர்ஸ், வான்கூவர் வொயிட்கேப்ஸ், சான் ஹோசே எர்த்குவேக்ஸ் எல்லாம் அந்த லீக்கில் பிறந்தவை, இன்று எம்.எல்.எஸ்-இல் இருக்கின்றன. பிறகு பயம். எம்.எல்.எஸ். தொடங்கும்போதே சம்பள உச்சவரம்பு வைத்து, வீரர்களின் ஒப்பந்தங்களை லீக்கே கையில் வைத்துக்கொண்டது. பெரிய நட்சத்திரத்துக்காக வரம்பைத் தளர்த்தியது 2007-இல் பெக்காம் வந்தபோதுதான்.

அப்புறம் ஓர் இடம். ஃபோர்ட் லாடர்டேலில் லாக்ஹார்ட் ஸ்டேடியம் என்று ஒன்று இருந்தது. கெர்ட் முல்லரும் பெஸ்டும் ஒற்றைக் கண் பேங்க்ஸும் ஆடியது அங்கேதான். அந்த அணிதான் 1984-இல் மின்னசோட்டாவுக்குக் குடிபோய், கடைசியில் மிஞ்சிய இரண்டில் ஒன்றானது. பழைய மைதானத்தை 2019-இல் இடித்து, அதே மண்ணில் புதிதாக ஒன்று கட்டினார்கள். 2023 ஜூலையில் மெஸ்ஸி இன்டர் மயாமி சட்டையில் முதல் முறை இறங்கியதும், கடைசி நிமிடத்தில் அந்த ஃப்ரீகிக்கை வலைக்குள் வளைத்ததும் அங்கேதான்.